ஏழு பட்டை

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
முக்கால் மணி நேரம் நின்றேன்.
முன்னால் நெல் மூட்டை லாரி,
பின்னால் மூக்கை உரசும் மன்னார்குடி பஸ்,
பக்கத்தில் விரற்கடை இடைவெளியில் ஒரு பால் வண்டி.
எதையும் இடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து
என் ஷட்டரை நானே இடித்தேன்.

ஐப்பசி மழை. நிறுத்தி, இறங்கி,
முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு
கதவைத் தூக்கலாம் என்றுதான்.
பிரேக்கென்று மிதித்தது பிரேக் இல்லை.

பெரிய தாம்பாளத்தைக் கல்தரையில் போட்டு
போட்டதன் மேலேயே ஏறி நின்ற சத்தம்.
வைப்பர் மட்டும்
தனக்கு ஒன்றும் தெரியாது என்பது போல
இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது.

காருக்கு நம்பர் பிளேட் லேசாக வளைந்ததோடு சரி.
கதவுக்குத்தான் வயிறு உள்வாங்கிவிட்டது.
மேலே ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை.
இடது மூலையில் ஒரு முறம் நுழையும் சந்து.
அதன் வழியாக அன்றிரவு
வயல் தவளைகள் உள்ளே குடியேறின.
கார் வெளியே, நீலத் தார்ப்பாயின் கீழ்.

இன்சூரன்ஸ்காரர் போனில் பொறுமையாகச் சொன்னார்:
“அடுத்தவங்க கதவா இருந்தா கெடைக்கும் மேடம்.
ஒங்க கதவுன்னா கெடைக்காது.”
அடுத்த வீட்டுக் கதவை ஒரு தரம்
ஏக்கத்தோடு எட்டிப் பார்த்தேன்.

நாத்தனார் தமயந்தி வந்தாள்.
குடையை மடக்காமலே நின்று பார்த்தாள்.
“அண்ணன் பன்னண்டு வருஷமா ஓட்டுது,
ஒரு கீறல் உண்டா?”
காபி மட்டும் குடித்துவிட்டுப் போனாள்.

தோஹாவிலிருந்து ஒன்பதரை மணிக்கு அவர்.
“காரு எப்படி இருக்கு?”
“நல்லாருக்கு.”
பொய் இல்லை.
கதவு எப்படி இருக்கிறது என்று
கல்யாணமான நாளிலிருந்து யார் கேட்டிருக்கிறார்கள்?

நாலாம் நாள் மழை விட்டதும்
மன்னார்குடி ஆரோக்கியதாஸ் வந்தார்,
வண்டியின் பின்னால் தகரப் பட்டைகளைக்
கரும்புக் கட்டு போலக் கட்டிக்கொண்டு.
மேல்பெட்டியைக் கழற்றினார்.
சுருள்வில்லைத் தட்டிக் காது கொடுத்தார்.
ஒவ்வொரு பட்டையாகத் தொட்டு எண்ணினார்.
ஏழு போச்சு. மற்றது பிழைக்கும்.

பிறகு வலது பக்க வாய்க்கால் கம்பியருகே
குத்துக்காலிட்டவர் எழவே இல்லை.
நகத்தால் சுரண்டினார்.
சாம்பல் உதிர்ந்தது. அடியில் மெரூன்.
நாங்கள் விற்ற பழைய காரின் மெரூன்.

“இது ஒங்க இடி இல்லங்க.
உள்ளேர்ந்து வந்தது. ரிவர்ஸ்.
ஆறேழு வருஷம் இருக்கும்.
மேலாக பெயின்ட் அடிச்சி வச்சிருக்காங்க.”

வலது பக்கம் ஏன் சிக்குகிறது என்று
எத்தனை முறை கேட்டிருப்பேன்.
வெண்ணாற்று ஈரக்காற்று, இரும்புக்கு ஆகாது என்பார்.
மாதாமாதம் நான்
முட்டிபோட்டு கிரீஸ் தடவினேன்,
வெண்ணாற்றைத் திட்டிக்கொண்டே.

“அதையும் நிமித்திடட்டுமா? முந்நூறு கூட ஆவும்.”
“நிமித்துங்க.”
“புதுசு வெள்ளியா தனியாத் தெரியும்.
சாம்பல் அடிச்சிட்டா ஒண்ணும் தெரியாது.”
“வேணாம். அடிக்காதீங்க.”

அவர் கணக்கு எழுதினார்.
வேறொன்றும் கேட்கவில்லை.
போகும்போது தவளைகளை
அட்டைப்பெட்டியில் அள்ளி வாய்க்காலில் விட்டார்,
அதற்குக் கூலி வாங்கவில்லை.

ஒன்பதரை.
காரு எப்படி இருக்கு என்றவருக்கு
கேமராவைத் திருப்பிக் காட்டினேன்.
சாம்பலுக்கு நடுவே ஏழு வெள்ளிப் பட்டை.
ஒற்றை விரலால் தூக்கினேன்.
வலது பக்கம் எங்கேயும் நிற்காமல்
சரசரவென்று ஏறியது.

படம் உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன்.
இல்லை. அவர் கண் சிமிட்டினார்.
பின்னால் ஏசி ஓடும் சத்தம்.

“வலது பக்கமும் பாத்தாங்களா?”

“பாத்தாங்க.”

வாய்க்காலில் தவளைகள்
ஒன்றுக்கொன்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தன.
கதவை இறக்கினேன்.